லாண்ட்லோர்டுக்குப் போர்த்திய பொன்னாடை

“அம்மா, அந்தக் கெட்ட மாமா வீட்டை போனா, அவருக்கு ஆர் தேத்தண்ணி போட்டுக் குடுப்பினம்?”

ஆரணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. குடும்பம் ஜேர்மனியில் இருந்த காலம். தொலைக்காட்சியில் ரெஸ்லிங் போய்க்கொண்டிருந்தது. கறுப்புச் சப்பாத்துப் போட்ட ஒரு தடியன் நல்லவனின் முதுகில் கதிரையால் அடித்துவிட்டு, சனம் கூ அடிக்க அடிக்கத் தனியாக வெளியே நடந்துபோனான். தகப்பன் கிருஷ்ணராசா விழுந்து விழுந்து சிரித்தார். தாய் நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆராவது குடுப்பினம், நீ சோத்தைத் தின்” என்று சொல்லிச் சமாளித்தாள். ஆனால் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. நல்லவனுக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. கெட்டவனாக நிற்பதற்கென்று வந்த பிள்ளைக்கு ஒரு மனிசர் வேண்டாமா?

ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை போட்டு, கடையும் கோயிலும் குசினியுமாக வருடங்கள் ஓடிப்போயின. ஆரணி படித்து ஆஸ்பத்திரி லாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள்தான் ஒரு ஞாயிறு பின்னேரம் தாயைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு கிளப்பின் மண்டபம். தாழ்ந்த கூரை. நடுவில் கயிறு கட்டிய மேடை, சுற்றிவர மடக்குக் கதிரைகள், ஒரு மூலையில் சிப்ஸும் பியரும். மாதம் ஒருமுறை அங்கே உள்ளூர்ப் பெடியன்களும் பெட்டைகளும் வந்து மல்லுக்கட்டினார்கள். பகலில் பஸ் ஓட்டுபவர்கள், நேர்சறியில் பிள்ளை பார்ப்பவர்கள். ஞாயிறு வந்தால் மினுங்கும் உடுப்புப் போட்டுக்கொண்டு கயிற்றின் மேலிருந்து பாய்ந்தார்கள்.

இந்த நாட்டில் நாகேஸ்வரி மெதுவாகப் பேசிப் பழகியவள். கவுன்சில்காரரிடம் மெதுவாக, டொக்டரிடம் மெதுவாக, மாம்பழத்தை நசுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறவர்களிடம்கூட மெதுவாக. அந்த மண்டபத்தில் முதல் நாளே அவள் தன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பச்சை குத்திய வெள்ளைக்காரன் அவளைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ஒரு மாதமும் அவள் தவறவிட்டதில்லை. முன்வரிசை மூலைக் கதிரை அவளுடையது. எல்லோருக்கும் அவள் ‘ஆன்ட்டி.’

“உது பொய்ச்சண்டை எண்டு தெரிஞ்சும் ஏன் போறீர்?” என்று கிருஷ்ணராசா கேட்பார்.

“பொய்ச்சண்டைதான். தூக்கி அடிக்கிறவன்ரை கை, விழுறவன்ரை பிடரியைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். முன்னுக்கு இருந்தா வடிவாத் தெரியும். மெய்ச்சண்டையும் கண்டனாங்கள்தானே. அதில ஆர் ஆற்றை பிடரியைத் தாங்கினது?”

அவர் கடைக் கணக்குக்குத் திரும்பிவிடுவார்.

அந்த மண்டபத்துக்கு வந்த கெட்டவர்களில் மகா கெட்டவன் ‘லாண்ட்லோர்ட்’, வாடகை வாங்கும் வீட்டுக்காரன். கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பெரிய சாவிக்கொத்தைக் குலுக்கியபடி வருவான். “வாடகை கூடப்போகுது!” என்று மைக்கில் கத்துவான். லண்டனில் வாடகை வீட்டில் இருக்கும் சனத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மண்டபம் கொதிக்கும். விழுத்தியவனின் நெஞ்சில் ‘வீட்டைக் காலி செய்’ என்று ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போவான். அவனுடைய மெய்ப்பெயர் திருமாறன் என்பதையும், மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்து இப்போது குரொய்டனில் எக்கவுண்டன்டாக இருக்கிறான் என்பதையும் ஆரணி எங்கேயோ தேடிப்பிடித்துத் தாயிடம் சொன்னாள்.

“தமிழ்ப் பிள்ளையே?” என்றாள் நாகேஸ்வரி. அங்கேதான் பிழை தொடங்கியது.

தமிழ்க் குடும்பங்களின் அலுமாரிகளில் பொன்னாடைகள் சேர்ந்துவிடும். கிருஷ்ணராசா தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வாழைப்பழம் கொடுத்தால் ஒரு பொன்னாடை. கோயிலுக்குத் தோரணம் கொடுத்தால் இன்னொன்று. அடுத்த மாதம் ‘லாண்ட்லோர்ட்’ நடந்து வந்தபோது நாகேஸ்வரி அதில் ஒன்றை மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். மண்டபம் முழுக்கக் கூ அடிக்க, அவள் மட்டும் எழும்பித் தடுப்புக் கம்பிக்கு மேலால் எட்டி, சரிகை மினுங்கும் அந்தப் பொன்னாடையை அவனுடைய தோளில் போர்த்தினாள்.

அவனுடைய கை விறுக்கென்று மேலே போனது. பொன்னாடையின் நுனியைப் பிடித்தது. அப்படியே நின்றது. பிறகு அவன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.

கூ அடித்த மண்டபம் கைதட்டியது. யாரோ “ஆன்ட்டியின் பெடியன்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். அது பாட்டாகிவிட்டது. நாகேஸ்வரி கண் கலங்கிப்போய் இருந்தாள். ஒரு பிள்ளையின் மனத்தைக் குளிர வைத்தோம் என்று அவளுக்கு அன்று நித்திரைகூட நன்றாக வந்தது.

அந்த வீடியோ அவளைவிட வேகமாக ஓடியது. கிங்ஸ்பரியில் இருக்கும் கிருஷ்ணராசாவின் தங்கை குமுதா கடைக்கே வந்துவிட்டாள். குமுதாவின் கையில் இருந்தது ஒரு ஃபோன்தான். ஆனால் அதற்குள் கோயில் குறூப், ஊர்க் குறூப், தமிழ்ப் பள்ளிக் குறூப் என்று பாதி லண்டன் இருந்தது.

“மச்சாள், உங்களுக்கு விசரே? எங்கட அண்ணைக்குப் போத்தின பொன்னாடையைக் கொண்டுபோய் ஒரு அடிபிடிகாரனுக்குப் போத்தியிருக்கிறியள்!”

“அது அலுமாரிக்குள்ள கிடந்து பூச்சி அரிச்சது, மச்சாள்.”

“அதுக்கு? பியர் குடிக்கிற இடத்தில, வெள்ளையளோட நிண்டு தொண்டை கிழியக் கத்துறியளாம். கோயிலுக்கு வாற மனிசியே நீங்கள்? சனம் சிரிக்குது.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறது நல்லதுதானே.”

“இனிப் போகாதேங்கோ. சொல்லிப்போட்டன்.”

நாகேஸ்வரி கத்தரிக்காய்களை அடுக்குவதை நிறுத்தினாள். “குமுதா மச்சாள், கேளுங்கோ. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறன். மாசத்தில ஒரு ஞாயிறு அங்கை போறன். ரெண்டு இடத்திலயும் நான் ஒரு பொல்லாப்பும் செய்யேல்லை. கால் நடக்க ஏலுமட்டும் போவன்.”

குமுதா தமையனைப் பார்த்தாள். கிருஷ்ணராசா வெங்காயச் சாக்குக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார்.

அடுத்த மாதம் அவள் போனாள். லாண்ட்லோர்ட் வந்தான். “வாடகை கூடப்போகுது!” என்றான். சனம் சிரித்தது. “ஆன்ட்டியின் பெடியன்!” என்று பாடியது. அவன் எதிராளியின் கண்ணில் குத்தினான், கைதட்டினார்கள். சாவிக்கொத்தால் அடித்தான், செல்லமாக “ஓ” என்றார்கள். அவனோடு மோதிய ஜாக் ஒரு பிளம்பர், கண்ணுக்கு லட்சணமான நல்லவன். அவன் விழுந்து எழும்பியபோது ஒருவரும் கவனிக்கவில்லை. சனம் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ உப்பில்லாத கறி போல இருந்தது. நாகேஸ்வரிக்கு அது விளங்கியது; ஏன் என்றுதான் விளங்கவில்லை.

இடைவேளையில் திருமாறன் மேசை ஒன்றில் டீசேட் விற்றுக்கொண்டு நின்றான். வேர்வை காயாத முகம். ஆரணி சிப்ஸ் வரிசையில் நின்றாள். நாகேஸ்வரி அவனிடம் போனாள்.

“என்ன தம்பி, முகம் வாடிப்போச்சு? சனம் இவ்வளவு கைதட்டுது. சந்தோசம்தானே?”

“சந்தோசம்தான் ஆன்ட்டி.” சிரிக்கப் பார்த்தான். “சாப்டாச்சா?”

“கதையை மாத்தாதையும். சொல்லும்.”

அவன் டீசேட்டுகளை மடித்தான். “எனக்குக் கைதட்டுனா, ஜாக்குக்கு யாரு கைதட்டுவாங்க ஆன்ட்டி? நான் கெட்டவனா இருந்தாத்தான் அவன் நல்லவன். ஷோ நடத்துறவங்க சொல்லிட்டாங்க. அடுத்த மாசமும் இப்படியே போச்சுனா லாண்ட்லோர்ட் முடிஞ்சுச்சு. வேற கெட்டவன் தேடிப்பாங்க. பரவால்ல லா, நமக்கு வேலை இருக்கு.”

பரவாயில்லை என்று வாய் சொன்னது. கை ஒரே டீசேட்டை மூன்றாம் முறையும் மடித்துக்கொண்டிருந்தது.

“ஆறு வருசம் பம்பரம் மாதிரி சுத்துனேன் ஆன்ட்டி. முதுகுல விழுந்து விழுந்து கத்துக்கிட்டேன். இந்த லாண்ட்லோர்ட நானே யோசிச்சுப் பண்ணேன். என்னோட முதல் வீட்டு ஓனரப் பார்த்துத்தான்.” இப்போது உண்மையாகச் சிரித்தான்.

நாகேஸ்வரி அவன் கையிலிருந்த டீசேட்டை வாங்கி வைத்தாள். “அண்டைக்கு நான் பொன்னாடை போத்தேக்கை, நீர் அதைப் பிடுங்கி எறிஞ்சிருக்க வேணும். அப்பிடித்தானே?”

அவன் அடுத்த டீசேட்டை எடுத்தான்.

“கை மேலை போனதை நான் கண்டனான் தம்பி.”

“எறியத்தான் போனேன். அப்புறம் உங்க மூஞ்சப் பார்த்துட்டேன். இத்தன பேரு முன்னாடி… முடியல ஆன்ட்டி.” உடனே, “உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க அன்பாத்தான செஞ்சீங்க” என்றான்.

அன்பாகத்தான் செய்தாள். அதுதான் அவளைக் கொன்றது. அவள் தன் இரக்கத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் தொழிலின் தலையில் போட்டிருக்கிறாள். அவனோ, அவள் வெட்கப்படக்கூடாது என்பதற்காகத் தன் ஆறு வருடத்தையும் குனிந்து கொடுத்திருக்கிறான். நல்ல மனம் இருந்தால் மட்டும் காணாது, எதிரே நிற்பவருக்கு எது நன்மை என்று கேட்டறியும் பொறுமையும் வேண்டும் என்பது அவளுக்கு அந்த மேசையடியில் தெரிந்தது.

அந்த மாதம் முழுக்க அவள் முருகனிடம் ஒன்றையே கேட்டாள். மனோர் பார்க் கோயிலுக்கு ரெயில் மாறி மாறிப் போய்க் கேட்டாள். பலம் தா என்று கேட்கவில்லை. வழி காட்டு என்றும் கேட்கவில்லை. வழியை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள். சிரிப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றுதான் கேட்டாள்.

ஞாயிறு வந்தது. நாகேஸ்வரி கடையில் ஒரு மாம்பழப் பெட்டியை வெட்டி, அதன் வெறும் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினாள். மேலே தமிழில், “லாண்ட்லோர்ட் எங்கட பிள்ளை.” கீழே அதையே எல்லோரும் வாசிக்க ஆங்கிலத்தில். சுற்றிவரப் பூவும் கீறினாள்.

“அம்மா, ப்ளீஸ்,” என்றாள் ஆரணி பஸ்ஸில். “யூ ஆர் மேக்கிங் இட் வர்ஸ். இண்டைக்கு அவருக்குக் கடைசி சான்ஸ் அம்மா. உங்கட லவ் போதும்.”

“பேசாமல் வா.”

“குமுதா மாமி சொன்னது சரி. உங்களுக்கு விசர்.”

“ஓம். வா.”

மண்டபம் நிறைந்திருந்தது. அட்டையைக் கண்டதும் பச்சை குத்திய வெள்ளைக்காரன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். லாண்ட்லோர்ட் வெளியே வந்தான். “ஆன்ட்டியின் பெடியன்!” தொடங்கிவிட்டது. “வாடகை கூடப்போகுது!” என்று அவன் நரம்பு புடைக்கக் கத்தினான். சிரித்தார்கள். கோட்டைக் கழற்றி ஒரு சிறுவனின் சிப்ஸ் மேல் எறிந்தான். அதற்கும் கைதட்டு. திரைக்குப் பக்கத்தில் ஷோ நடத்தும் அம்மணி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதை நாகேஸ்வரி பார்த்தாள்.

அவன் அவளுடைய மூலைக்கு வந்தான். அவள் எழும்பி அட்டையைக் கம்பிக்கு மேலால் நீட்டினாள். மண்டபம் உருகியது. அவன் அதை வாசித்தான். அவன் கண்ணில் அன்றைக்கு வந்த அதே பார்வை வந்தது. இதோ குனியப்போகிறான்.

அவள் அவனுடைய ரையைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் கொஞ்சப் போகிறாள் என்று சனம் ஆரவாரித்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் அவன் காதில் சொன்னாள்:

“கிழிச்செறி தம்பி.”

“ஆன்ட்டி?”

“எனக்கு நோகாது. கிழி எண்டுறன்! இல்லாட்டி நானே உன்ரை காதைக் கிழிப்பன்.”

அவன் நிமிர்ந்தான். அட்டையை வாங்கினான். இரண்டு கையாலும் உயர்த்தி எல்லோருக்கும் காட்டினான். பிறகு பூவோடு நடுவால் கிழித்தான். மறுபடி கிழித்தான். துண்டுகளை நிலத்தில் போட்டுச் சப்பாத்தால் தேய்த்தான்.  அவன் பொக்கற்றிலிருந்து நோட்டீஸை எடுத்தான். ‘வீட்டைக் காலி செய்.’ அதை நாகேஸ்வரியின் தோளில் ஒட்டி, மைக்கில் சொன்னான்: “இது என்னுடைய கட்டடம், கிழவி. வெளியே போ.”

கிழவி என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. நல்ல கெட்டிக்காரன், என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. கூரை ஆடியது. கதிரைகள் நிலத்தில் அடிபட்டன. பச்சை குத்தியவன் கம்பிக்கு மேலால் ஏறப்பார்க்க, அவன் மனைவி பெல்ற்றில் பிடித்து இழுத்தாள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி “உனக்கு அம்மா இல்லையா!” என்று வீரிட்டாள். ஆரணி கதிரையில் ஏறி நின்று, அவள் அறிந்திருப்பாள் என்று தாய் நினைத்தே இராத தமிழ்ச் சொற்களால் அவனை ஏசினாள். நாகேஸ்வரி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆரோ ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்தாள். முருகா, முருகா, என்று அவள் தலைப்புக்குள் சிரிப்பைக் கடித்தாள்.

பிளம்பர் ஜாக் ஓடிவந்தான். “இது ஆன்ட்டிக்காக!” என்று ஒரு குத்து விட்டான். அந்த மண்டபத்தில் அவனுக்கு முதல்முறையாக எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். லாண்ட்லோர்டைத் தூக்கி அடித்தான். அடிக்கும்போது அவன் கை பிடரியைத் தாங்கியிருந்தது. கடைசியில் லாண்ட்லோர்ட் சாவிக்கொத்தால் களவாக அடித்து வென்றான். பிளாஸ்திக் கப்புகள் அவன்மேல் பறந்தன. அவன் அவற்றுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோனான். திரைக்குப் பக்கத்தில் நின்ற அம்மணி கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டு, அடுத்த மாதமும் இதே இருவரும் மோதுவார்கள் என்று மைக்கில் அறிவித்தாள்.

பஸ்ஸில் ஆரணி கொதித்துக்கொண்டே வந்தாள். “ஹவ் டேர் ஹீ, அம்மா! எங்கட ஆள் எண்டு நினைச்சமே.” நாகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று நா எழும்பியது. மகளுக்குச் சொன்னால் மகள் சிநேகிதிக்குச் சொல்வாள். ஒரு வாய்க்குத் தெரிந்தால் அடுத்த மாதம் மண்டபம் மறுபடி சிரிக்கும். அவள் நாவை மடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மகள் குளிக்கப் போனாள். கிருஷ்ணராசா கடையில். நாகேஸ்வரி குசினிக்குள் நுழைய ஃபோன் அடித்தது. குமுதா.

“பாத்தியளே மச்சாள்! வீடியோ வந்திட்டுது. ‘எங்கட பிள்ளை’ எண்டு எழுதிக்கொண்டு போனியள். கிழிச்சு மிதிச்சான் பாருங்கோ. கிழவி எண்டும் சொன்னான். அண்டைக்கே நான் சொன்னனான், கேட்டனீங்களே?”

இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் குமுதாவுக்கு நாகேஸ்வரி ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. சாம்பாருக்குள் எவ்வளவு புளி என்பதிலிருந்து பிள்ளைக்கு என்ன பேர் என்பதுவரை. இப்போதும் ஒரு வசனம் போதும். அவன் கிழித்தது நான் சொல்லித்தான் என்று ஒரு வசனம். குமுதாவின் வாய் அடைத்துவிடும். பிறகு அந்த வாய் திறந்து பாதி லண்டனுக்குச் சொல்லும்.

“என்ன மச்சாள், சத்தத்தைக் காணேல்லை?”

“ஓம் மச்சாள்,” என்றாள் நாகேஸ்வரி. “நீங்கள் சொன்னது சரி. நான்தான் பிழை விட்டிட்டன். அவன் சரியான கெட்டவன்.”

மறுபக்கத்தில் குமுதா திகைத்துப்போனாள். வெற்றி இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. “அப்ப… இனிப் போகமாட்டியள்தானே?”

“ஏன் போகாமல்? போவன். கெட்டவனுக்குக் கூ அடிக்க ஆள் வேணுமெல்லே.”

குமுதா ஏதோ சொல்லச் சொல்ல, நாகேஸ்வரி மரியாதையாக ஃபோனை வைத்தாள். தோளில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்து எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். பிறகு சட்டியைக் கழுவப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குமுதாவுக்கு முன்னால் தலை குனிந்ததை மகளும் காணவில்லை, மனுசனும் காணவில்லை, திருமாறனும் ஒரு நாளும் அறியப்போவதில்லை.